குறைந்த செலவில் ஆன்லைன் உதவிப் பக்கங்கள்: எந்த மென்பொருள்?

நீங்கள் கேட்டது இதுதான்: ஐந்து பேர் கொண்ட நிறுவனம், கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்கிறீர்கள். பயனர் கையேடு ஒரே வேர்ட் ஃபைலாக 180 பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. அதை இணையத்தில் தேடிப் படிக்கும் உதவிப் பக்கங்களாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்ற வேண்டும். பெரிய மென்பொருள் ஒன்றுக்கு விலை கேட்டீர்கள், கட்டுப்படியாகவில்லை. மலிவாக எது நல்லது என்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வேறு வேலைகளும் இருக்கும் ஐந்து பேர், மாதாமாதம் மாறும் ஒரு மென்பொருளின் உதவிப் பக்கங்களை இரண்டு மொழியில் எப்படித் தவறில்லாமல் வைத்திருப்பது? அந்தக் கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக இதுவே என் தொழில். சிறிய நிறுவனங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் ஆவணங்கள் எழுதியிருக்கிறேன்.

முதலில் செலவு. மென்பொருளின் விலை கண்ணுக்குத் தெரிவதால் அதுவே பெரிதாகப் படுகிறது. உண்மையில் பணம் போவது திருத்தத்தில். ஜிஎஸ்டி திரையில் ஒரு பெட்டி கூடினால் ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கம், இரண்டிலும் உள்ள ஸ்க்ரீன்ஷாட் படங்கள், அதே திரையைக் காட்டும் வேறு பக்கங்கள் எல்லாவற்றையும் தொட வேண்டும். எந்தக் கருவியில் இந்த வேலை குறைகிறதோ அதுதான் மலிவு. இலவசமாகக் கிடைத்தும், உங்கள் சப்போர்ட் ஊழியர் திறக்கவே தயங்கும் கருவி என்றால் அது விலை உயர்ந்தது. ஆகவே மென்பொருளைப் பார்க்கும் முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்யுங்கள். பக்கங்களை எழுதப் போவது புரோகிராமரா, சப்போர்ட்டில் இருப்பவரா? வாடிக்கையாளர் அவற்றைத் திறக்கப் போவது கைபேசியிலா, இணையம் அவ்வப்போது விட்டுப்போகும் கடைக் கணினியிலா?

உங்களுக்கு விலை சொன்னவர்கள் மேட்கேப் ஃபிளேர் அல்லது அடோபி ரோபோஹெல்ப் வகையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவை தரமற்றவை அல்ல. ரோபோஹெல்ப் 1990களின் தொடக்கத்தில் புளூ ஸ்கை என்ற நிறுவனம் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் பிறகு ஈஹெல்ப் என்று பெயர் மாறியது. 2003-இல் மேக்ரோமீடியாவிடமும், 2005-இல் அதோடு சேர்ந்து அடோபியிடமும் போனது. ஈஹெல்ப்பில் இருந்தவர்கள் சிலர் வெளியே வந்து தொடங்கியதுதான் மேட்கேப். விண்டோஸ் ஹெல்ப் ஃபைல், அதற்குப் பின் 1997-இல் வந்த சிஎச்எம் என்ற ஒற்றை ஃபைல் வடிவம், அச்சுக் கையேடு என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாகத் தொகுக்க வேண்டியிருந்த காலத்துத் தேவைக்காக வளர்ந்த கருவிகள் இவை. ஒரே மூலத்திலிருந்து பத்து வகை வெளியீடு எடுப்பதும், ‘இந்தப் பத்தி புரோ பதிப்புக்கு மட்டும்’ என்று நிபந்தனை போடுவதும் இவற்றில் மிக நன்றாக இருக்கும். ஐந்து தயாரிப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று பதிப்புகள், எழுதுவதற்கென்றே தனி ஆட்கள் என்றால் கொடுத்த காசு திரும்பிவிடும். உங்களிடம் இருப்பது ஒரே தயாரிப்பு. வாடிக்கையாளருக்கு வேண்டியது வலைப் பக்கம் மட்டும். ஃபிளேருக்கு ஒருவருக்கே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. விலைகள் அடிக்கடி மாறுவதால் மற்றவற்றுக்கு எண் சொல்லாமல் விடுகிறேன்.

அடுத்த படியில் ஹெல்ப் அண்ட் மேனுவல், ஹெல்ப்என்டாக் போன்றவை இருக்கின்றன. வேர்ட் போன்ற திரை, இடப்பக்கம் தலைப்பு மரம், ஒரு பொத்தானை அழுத்தினால் வலைப் பக்கமும் பிடிஎஃப்பும் கிடைக்கும். வேர்டிலிருந்து வருபவருக்குப் பழக எளிது. ஹெல்ப்என்டாக்கின் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் சோதனைக்கும் மட்டும்தான். அதில் எடுக்கும் பக்கங்களில் அவர்களுடைய விளம்பர வரியும் இருக்கும். விற்கும் மென்பொருளுக்கு உரிமம் வாங்கியே ஆக வேண்டும். ஹெல்ப் அண்ட் மேனுவல் உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தில் வைத்துக்கொள்கிறது, பின்னால் வேறு கருவிக்கு மாற நினைத்தால் இது உதவும். இரண்டும் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

இந்த வகைக் கருவிகளை விற்பவர்கள் சிஎச்எம் வடிவத்தையும் ஒரு சிறப்பாகச் சொல்வார்கள். கடைக் கணினியில் இணையம் இல்லாமலே திறக்கும் ஒற்றை ஃபைல் என்பதால் உங்களுக்கும் ஆசை வரும். தமிழுக்கு அது சரிப்படாது, இதை உறுதியாகச் சொல்கிறேன். சிஎச்எம்மின் உள்ளடக்க மரமும் சொல்லடைவும் யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டு முறையில் ஓடுபவை. விண்டோஸில் தமிழுக்கு அதற்குப் பயன்படும் பழைய குறியீட்டு அட்டவணை (கோட் பேஜ்) இல்லை, தமிழ் அங்கே யூனிகோடாக மட்டுமே வந்தது. அதனால் பக்கத்தின் உள்ளே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தாலும் இடப்பக்க மரத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2005-இல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, நெட்வொர்க்கில் இணைந்த வேறொரு கணினியில் வைத்த சிஎச்எம் ஃபைலைத் திறந்தால் பக்கம் வெறுமையாகவே வரும். மூன்று கணினிகளை இணைத்து வைத்திருக்கும் கடைகளிலிருந்து ‘ஹெல்ப் திறந்தால் வெள்ளையாக இருக்கிறது’ என்று அழைப்பு வந்தால் இதுதான் காரணம்.

இப்போது என் பரிந்துரை. எழுதுவதில் ஒருவராவது புரோகிராமர் என்றால், மார்க்டவுனில் எழுதி எம்கேடாக்ஸ் கொண்டு தளமாக்குங்கள். மார்க்டவுன் என்பது சாதாரண எழுத்துக் கோப்புதான். தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, அவ்வளவே. அரை நாளில் பழகிவிடலாம். 2014-இல் வந்த எம்கேடாக்ஸ் அந்தக் கோப்புகளை எடுத்து மெனுவும் தேடலும் கொண்ட தளமாக ஆக்கித் தரும். பைத்தான் என்ற நிரல் மொழியை நிறுவியிருந்தால் ஒரே கட்டளையில் வந்துவிடும். அதன் மேல் மெட்டீரியல் என்ற தோற்றத்தைப் போட்டால் கைபேசியிலும் அழகாக இருக்கும். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. தளத்தை வைக்க கிட்ஹப் பேஜஸ் இலவசம், ஆனால் இலவசக் கணக்கில் மூலக் கோப்புகள் எல்லாரும் பார்க்கும்படி பொதுவாக இருக்க வேண்டும். அது பிடிக்காவிட்டால் கிளவுட்ஃபிளேர் பேஜஸில் மூலத்தை மறைத்து வைத்துக்கொண்டே தளத்தை மட்டும் இலவசமாக வெளியிடலாம். 20,000 கோப்பு வரை அங்கே இடமுண்டு, உங்கள் 180 பக்கம் ஒரு மூலைக்குக்கூட வராது. உங்களிடம் ஏற்கெனவே நிறுவனத்தின் வலைத்தளம் இருந்தால் அதிலேயே ஒரு ஃபோல்டரில் ஏற்றிவிடலாம், வெறும் எச்டிஎம்எல் கோப்புகள்தானே.

இணையம் இல்லாத கடைக்கும் இதே தளத்தைக் கொடுக்க முடியும். மெட்டீரியலில் ஆஃப்லைன் என்ற பிளகின் (கூடுதல் வசதி) இருக்கிறது. அதைப் போட்டு உருவாக்கிய ஃபோல்டரை உங்கள் மென்பொருளோடு சேர்த்து நிறுவிவிட்டால், உலாவியில் நேரே திறக்கும், தேடலும் ஓடும். அந்த பிளகின் இல்லாமல் கொடுத்தால் பக்கங்கள் திறக்கும், தேடல் மட்டும் அசையாது. கணினியில் இருக்கும் கோப்பிலிருந்து தேடல் பட்டியலை வாசிக்க உலாவிகள் அனுமதிப்பதில்லை என்பதே காரணம்.

இதே வேலைக்கு ஸ்ஃபிங்ஸ், டாக்குசாரஸ் என்று வேறு பெயர்களும் உங்கள் காதில் விழும். ஸ்ஃபிங்ஸ் 2008-இல் பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகப் பிறந்தது. பெரிய தொழில்நுட்பக் கையேடுகளுக்கு அருமையானது. அதன் தேடலில் மொழிவாரி ஆதரவுள்ள மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. டாக்குசாரஸ் ஃபேஸ்புக்கிலிருந்து வந்தது. பன்மொழி ஏற்பாடும் பதிப்புவாரி ஆவணமும் அதற்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் தேடலை நீங்கள்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் பழகிய ஆள் உங்களிடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

இனி தமிழ்த் தேடல். மென்பொருள் ஒப்பீடு எதிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எம்கேடாக்ஸ் உள்ளே பயன்படுத்துவது லூனர் என்ற தேடல் நூலகம். அதன் இயல்பான அமைப்பு சொல்லின் முன்னும் பின்னும் ஆங்கில எழுத்தோ எண்ணோ அல்லாத குறிகளை வெட்டிவிடும். தமிழ் எழுத்துகள் அத்தனையும் அதன் கண்ணுக்குக் குறிகள்தான், முழுச் சொல்லுமே வெட்டுப்பட்டுக் காணாமல் போகும். தமிழ்ப் பக்கம் நூறு இருந்தாலும் ‘முடிவு இல்லை’ என்றே வரும். அமைப்புக் கோப்பில் தேடல் மொழியாக ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்தால் சொற்கள் பட்டியலில் ஏறிவிடும்.

ஏறிய பிறகும் உருபுச் சிக்கல் இருக்கிறது. வாடிக்கையாளர் ‘பட்டியல்’ என்று அடிக்கிறார். உங்கள் பக்கத்தில் ‘பட்டியலில் பொருளைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று இருக்கிறது. நம் கண்ணுக்கு ஒரே சொல். கணினிக்கு முதலாவது ல-வுக்குப் பின் புள்ளியோடு முடிகிறது, இரண்டாவதில் அதே இடத்தில் இகரக் குறி நிற்கிறது. சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும் தேடல்கூட இங்கே தோற்றுவிடும். ‘ரசீது’ என்று தேடுபவருக்கு ‘ரசீதை’ அகப்படாது. உருபைக் களைந்து வேர்ச்சொல்லை எடுக்கும் வசதி தமிழுக்கு உண்டு. ஸ்னோபால் என்ற திறமூலத் தொகுப்பில் தமிழுக்கான விதிகள் சேர்ந்திருக்கின்றன. பேஜ்ஃபைண்ட் என்ற இலவசத் தேடல் கருவி தமிழையும் அப்படிக் கையாள்கிறது, உருவாக்கி முடித்த எந்த எச்டிஎம்எல் தளத்தின் மேலும் அதை ஓட்டலாம். எல்லா வடிவங்களையும் அது பிடித்துவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன். தமிழ்ப் புணர்ச்சி அவ்வளவு எளிதில் விதிக்குள் அடங்காது. எந்தக் கருவி என்றாலும் பலிக்கும் வழி ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முக்கியச் சொல்லை உருபு ஏறாமல் வையுங்கள். பக்கத்தின் அடியில் ‘தொடர்புடைய சொற்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, கடைக்காரர் வாயில் வரும் சொற்களையே போடுங்கள்: பில், ரசீது, இன்வாய்ஸ், கேன்சல், ரத்து. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுபவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கான எழுத்துக்கூட்டலும் அதே வரியில் இருக்கட்டும். சப்போர்ட்டுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளை ஒரு வாரம் சேகரித்தால் இந்தச் சொற்பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப் என்றதும் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை கடைக்காரர்கள் பெரும்பாலும் தேடுவதில்லை. ஃபோன் செய்வார்கள், உங்கள் ஊழியர் பக்கத்தின் இணைப்பை அனுப்புவார். அதனால் இணைப்பு சுருக்கமாகவும் மாறாமலும் இருக்க வேண்டும். தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து, சதவீதக் குறிகளோடு மூன்று வரிக்கு நீளும். தமிழ்ப் பக்கத்துக்கும் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். எம்கேடாக்ஸில் இன்னொரு பொறியும் உண்டு. துணைத் தலைப்புகளுக்கு அது தானாகத் தரும் அடையாளத்தில் தமிழ் எழுத்துகள் உதிர்ந்துபோய், அடிக்கோடு ஒன்று, அடிக்கோடு இரண்டு என்று வரிசை எண் மட்டும் மிஞ்சும். நடுவில் ஒரு தலைப்பைப் புதிதாகச் சேர்த்தால் எண்கள் நகர்ந்து, முன்பு அனுப்பிய இணைப்புகள் எல்லாம் வேறு இடத்தில் போய் நிற்கும். தலைப்புக்குப் பக்கத்தில் நீங்களே அடையாளத்தை எழுதிவைக்க வழி இருக்கிறது, முதல் நாளிலிருந்தே அதைப் பழக்கமாக்குங்கள்.

உங்கள் மென்பொருளில் எஃப்1 அழுத்தினால் அந்தத் திரைக்கான பக்கம் திறக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பக்க முகவரியை நேரே நிரலில் எழுதாதீர்கள். ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியலைத் தளத்திலேயே வையுங்கள். பக்கத்தின் பெயரோ, ஏன் கருவியே கூட மாறினாலும், பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் கடையிலும் எஃப்1 சரியாக வேலை செய்யும்.

எழுதப் போவது சப்போர்ட் ஊழியர் மட்டும்தான், மார்க்டவுன், கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) என்ற பேச்சே அவருக்கு ஒத்துவராது என்றால் மேலே சொன்ன வழி ஓடாது. கட்டாயப்படுத்திப் பழக்கினாலும் திருத்தங்கள் நாள் கடந்து நிற்கும். அப்போது புக்ஸ்டேக்கைப் பாருங்கள். 2015-இல் தொடங்கிய இலவசத் திறமூல மென்பொருள் இது. அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கி, உலாவியிலேயே வேர்ட் போலத் தட்டச்சு செய்யலாம். யார் திருத்தினார்கள் என்ற வரலாறும் இருக்கும். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடும் சிறிய வாடகைச் சர்வர் போதும். பேக்கப் எடுப்பதும் புதுப்பிப்பதும் உங்கள் பொறுப்பு, அதற்கு ஒருவர் பெயரை இப்போதே எழுதிவையுங்கள். டேட்டாபேஸே வேண்டாம் என்றால் டோக்குவிக்கி, எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்புகளாக வைக்கும், 2004-இலிருந்து நின்று நிலைத்த கருவி. தோற்றம் பழையதாக இருக்கும், வேலை பழுதில்லாமல் நடக்கும்.

பிடிஎஃப் வேண்டும் என்றால் தமிழை வைத்துச் சோதிக்காமல் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். ‘கொ’ என்ற எழுத்தில் ஒகரக் குறி கோப்பில் க-வுக்குப் பின் ஒரே குறியாக இருக்கும், அச்சில் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துகளை இப்படி அமைக்கத் தெரியாத பிடிஎஃப் கருவிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடும், அல்லது கட்டம் கட்டமாகக் காட்டும். புக்ஸ்டேக்கில் இயல்பாக வரும் பிடிஎஃப் வசதி இந்த வகைதான், அதற்குப் பதில் வீசிபிரிண்ட் என்ற பிடிஎஃப் கருவியை இணைத்தால் சரியாகும். ஸ்ஃபிங்ஸில் என்றால் ஸீலேடெக் என்ற பக்க வடிவமைப்புக் கருவிக்கு மாற வேண்டும். குரோம் உலாவியில் பக்கத்தைத் திறந்து பிடிஎஃப்பாகச் சேமிப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது, எழுத்தும் பிசகாது.

மாதக் கட்டணச் சேவைகளையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கையாள நீங்கள் ஏற்கெனவே ஜோஹோ டெஸ்க் அல்லது ஃபிரெஷ்டெஸ்க் வைத்திருந்தால், அதனுடனே உதவிக் கட்டுரைப் பகுதி வருகிறது. உங்கள் திட்டத்தில் எத்தனை மொழிக்கு இடம் என்று மட்டும் கேளுங்கள். கோவையில் அலுவலகம் உள்ள கோவை.கோ நிறுவனத்தின் டாக்குமென்ட்360 இதற்கென்றே செய்த சேவை. எழுதுவதற்கு இதமாக இருக்கும், சர்வர் தலைவலியும் இல்லை. ஆனால் இவை மாதாமாதம் ஓடும் செலவு. எழுதுபவர் எண்ணிக்கை கூடினால் செலவும் கூடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ‘நாங்கள் விலகினால் எல்லாப் பக்கங்களும் படங்களோடு எந்த வடிவத்தில் வெளியே வரும்?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனைக் காலத்திலேயே ஒருமுறை ஏற்றுமதி செய்து திறந்தும் பாருங்கள்.

இலவசக் கருவிகளுக்கும் இதே கேள்வி உண்டு. மெட்டீரியலை உருவாக்கியவர்கள் 2025 இறுதியில் ஸென்ஸிகல் என்ற புதிய கருவியை அறிவித்து, மெட்டீரியலைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோனார்கள். இப்போதுள்ள எம்கேடாக்ஸ் திட்டங்களை அப்படியே ஏற்கும்படிதான் புதியதைக் கட்டுகிறார்கள். இன்னும் மூன்று ஆண்டில் எது முன்னால் நிற்கும் என்பதில் நான் சொல்வது ஊகமாகவே இருக்கும். மார்க்டவுன் கோப்புகள் உங்கள் கையில் இருக்கும் என்பது மட்டும் ஊகமல்ல. அவற்றை ஹியூகோ, டாக்குசாரஸ் போன்ற வேறு எந்தத் தளம் கட்டும் கருவியும் சில நாள் வேலையில் ஏற்றுக்கொள்ளும். சொந்த வடிவத்தில் பூட்டிவைக்கும் கருவியில் 180 பக்கத்தைப் போட்டபின் வெளியே வருவது அப்படி இருக்காது.

வேர்டிலிருந்து மாற்ற பாண்டாக் என்ற இலவசக் கருவி போதும். டாக்எக்ஸைக் கொடுத்தால் மார்க்டவுனும் படங்களும் தனித்தனியாக வரும். அதற்கு முன் வேர்டில் ஒரு வேலை பாக்கி இருக்கும். தலைப்புகளை வெறும் தடித்த எழுத்தாக விட்டிருந்தால் பாண்டாக்குக்கு அவை தலைப்பு என்று தெரியாது. ஹெடிங் ஸ்டைல் போட்டு முடித்த பிறகு மாற்றுங்கள். தமிழ் உரை பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். கலவையான அட்டவணைகளைக் கையால்தான் சரி செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் எடுப்பது எம்கேடாக்ஸ், தமிழ்ப் பகுதிக்குப் பேஜ்ஃபைண்ட் தேடல், வெளியிட கிளவுட்ஃபிளேர் பேஜஸ். எழுதுபவர் ஒத்துழைக்காவிட்டால் புக்ஸ்டேக். இரண்டு கருவியிலும், அதிக அழைப்பு வரும் பத்து பக்கங்களை மட்டும், பில் ரத்து, ஸ்டாக் திருத்தம், ஜிஎஸ்டி அறிக்கை போன்றவற்றை, இரண்டு மொழியிலும் ஏற்றுங்கள். எழுதப் போகிறவரிடமே கொடுத்து, ஒரு பக்கத்தில் படத்தை மாற்றி வெளியிடச் சொல்லிப் பாருங்கள். அவர் யாரையும் கூப்பிடாமல் முடித்துவிட்டால் மீதி 170 பக்கத்தையும் அதிலேயே ஏற்றலாம். தமிழ்த் தேடலில் எந்தச் சொல் சிக்கினாலும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.